காளானுக்கும் மூச்சு முட்டும்

கடையில் சிப்பிக் காளான் வாங்குபவர்கள் கவனித்திருக்கலாம். ஒரு வாரம் வரும் பொட்டலத்தில் காளான் அகன்ற குடையும் கட்டைத் தண்டுமாக இருக்கும். இன்னொரு வாரம் தண்டு விரல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். நுனியில் குடை பேருக்குத்தான் இருக்கும். ரகம் மாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ரகம் அதேதான். மாறியது, அது வளர்ந்த அறையின் காற்று. அறைக்குள் கரியமில வாயு தேங்கினால் காளான் குடையை விரிக்காது. தண்டை நீட்டிக்கொண்டே போகும். மரப்பட்டை இடுக்கில் முளைத்த காட்டுக் காளானுக்கு இது நல்ல பழக்கம். குடை திறந்த வெளிக்கு வந்து விரிந்தால்தான் அதன் வித்துத்தூள் காற்றில் பறக்க முடியும். மூடிய குடிலுக்குள் எவ்வளவு நீண்டாலும் திறந்த வெளி வருவதில்லை. விவசாயிக்கு விலைபோகாத தண்டுதான் மிஞ்சுகிறது.

காளான் வளர்ப்புப் பயிற்சிகளில் வைக்கோலை வேகவைப்பது, விதை போடுவது, படுக்கை கட்டுவது எல்லாம் விரிவாகச் சொல்லப்படும். காற்றும் வெப்பமும் "நல்ல காற்றோட்டம் தேவை" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். எவ்வளவு காற்று, எந்த நேரத்தில், எந்த வழியாக என்பதில்தான் ஒரு குடிலின் லாப நட்டம் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

காளான் செடியல்ல. செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடும். காளானுக்கு அந்த வேலை தெரியாது. இரவும் பகலும் அது நம்மைப்போல ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வைக்கோலில் இருக்கும் மாவுப்பொருளையும் நாரையும் காளான் இழைகள் மெல்ல மெல்ல எரிக்கின்றன என்று சொல்வது வெறும் உவமை இல்லை. அடுப்பில் வைக்கோல் எரிந்தால் என்னென்ன வெளிவருமோ அவைதான் இங்கும் வருகின்றன: வெப்பம், கரியமில வாயு, நீராவி. வேகம்தான் வேறு.

ஒரு படுக்கையில், அதாவது விதை போட்டு வைக்கோல் அடைத்த ஒரு பாலித்தீன் பையில், உள்ள உலர் வைக்கோலில் 100 கிராம் மட்டும் 15 நாளில் இப்படி எரிந்து தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 80 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். சிறு விவசாயிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் குடிலின் அளவு 16 சதுர மீட்டர். இரண்டரை மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். அதில் 100 படுக்கை தொங்கினால் மணிக்கு 22 லிட்டர் கரியமில வாயு சேரும். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. கதவைச் சாத்திய ஒரு மணி நேரத்தில் குடிலுக்குள் அது 1000-ஐ நெருங்கிவிடும். சிப்பிக் காளான் மொட்டு விட்டு மலரும் கட்டத்தில் அந்த 1000-ஐத் தாண்டக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அளவுகோல். அப்படியானால், மணிக்கு ஒருமுறையாவது அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும். இதுகூடக் குறைந்தபட்சக் கணக்குதான். கொத்துக் கொத்தாகக் காளான் மலர்ந்து நிற்கும் நாள்களில் மூச்சும் கூடும், காற்றுத் தேவையும் சில மடங்கு கூடும். இரவு முழுவதும் இறுக்கமாகச் சாத்திய குடிலின் நிலைமையை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாக் கட்டத்திலும் இது கெடுதல் இல்லை. வைக்கோலுக்குள் இழை பரவும் முதல் 15, 20 நாள் காளானுக்குக் கரியமில வாயு ஒரு பொருட்டே அல்ல. மரக்கட்டையின் உட்புறத்தில் வாழப் பழகிய உயிர் அது. வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான அளவிலும் இழை தாராளமாகப் பரவும். பார்க்கப்போனால், கரியமில வாயு திடீரெனக் குறைவதும் வெளிச்சம் படுவதும்தான் "மேற்பரப்புக்கு வந்துவிட்டோம், இனிக் குடை விடலாம்" என்று இழைக்குக் கிடைக்கும் சமிக்ஞைகள். அதனால்தான் குடிலை இரண்டு அறையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். இழை பரவும் அறைக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும், வெளிச்சம் தேவையில்லை. காளான் மலரும் அறைக்கு 23 முதல் 25 டிகிரி, 75 முதல் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், மிதமான வெளிச்சம், நல்ல காற்று. இடம் போதவில்லை என்று இரண்டையும் ஒரே அறையில் வைத்துவிட்டால், ஒன்றுக்குத் தேவையான மூடலும் மற்றொன்றுக்குத் தேவையான திறப்பும் மோதிக்கொள்ளும். ஒரு தார்ப்பாய் தடுப்பாவது போட்டுவிடுவது நல்லது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? படுக்கையிலிருந்தும் வருகிறது. மேலே சொன்ன அதே 100 கிராம் கணக்குப்படி ஒரு படுக்கை ஒரு வாட்டுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தொடர்ந்து விடும். 100 படுக்கை என்றால் 120 வாட். அறை முழுவதற்கும் இது பெரிதல்ல. ஆனால் பாலித்தீன் பைக்குள் அடைத்த வைக்கோலிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. படுக்கையின் நடுப்பகுதி அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, உறியில் ஒட்ட ஒட்டத் தொங்கவிட்டாலோ நடுவில் இருக்கும் இழை சோர்ந்துபோகும், பச்சைப் பூசணம் உள்ளே புகுந்துவிடும். சுவரில் மாட்டிய வெப்பமானி 28 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. நீண்ட ஊசி உள்ள வெப்பமானியை ஒரு படுக்கையின் நடுவில் செருகிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

பகலில் பெரிய எதிரி வெயில்தான். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் கொட்டுகிறது. 16 சதுர மீட்டர் கூரைக்கு 16,000 வாட். இதில் நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளே இறங்கினாலும் 800 வாட். 100 படுக்கைகளும் சேர்ந்து விடும் வெப்பத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல். தகரக் கூரையில் இந்த ஐந்து பங்கு பல மடங்காகிவிடும். தகடு சுட்டெரிக்கும் சூட்டுக்குப் போய், தன் அடியில் இருப்பவற்றின் மீது நேரடியாக வெப்பத்தைக் கதிர்வீசும். காற்று சுமாராகக் குளிர்ந்திருந்தாலும் மேல் வரிசைப் படுக்கைகள் காய்ந்துபோவது இதனால்தான். தென்னங்கீற்றுக் கூரை நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், கீற்றுகளுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும் காற்று. தகரம் தவிர்க்க முடியாதது என்றால் மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். கூரைக்கு ஓரடி மேலே நிழல்வலை கட்டலாம். வலையைக் கூரையோடு ஒட்டிப் போடுவதில் பயன் குறைவு. நடுவில் காற்று ஓடினால்தான் சூடு கழியும். குளிர்விக்கும் கருவி எதை வாங்கினாலும் கூரையைச் சரிசெய்யாமல் வாங்கினால் அது வெயிலுக்குக் கட்டும் மாத வாடகையாகவே முடியும்.

அடுத்தது நீர். மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே விதிதான் நனைத்த சாக்கு கட்டிய காளான் குடிலையும் குளிரவைக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நம் 40 கன மீட்டர் குடிலில் 36 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று இருக்கிறது என்று கொள்வோம். அதில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி நீர் முழுவதும் ஆவியானால் காற்று 26 டிகிரிக்கு இறங்கும், ஈரப்பதமும் 70 சதவீதத்தைத் தொடும். ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து டிகிரி! ஆனால் இது அந்த ஒருமுறைக் காற்றுக்கு மட்டும்தான். மணிக்கு ஐந்து முறை காற்றை மாற்றினால் மணிக்கு ஐந்து டம்ளர் ஆவியாக வேண்டும். கூரை வழியாக இறங்கும் 800 வாட்டுக்கு இன்னும் ஆறு டம்ளர். தெளிக்கும் நீரில் தரையில் வழிந்தோடுவது போக உண்மையில் ஆவியாவது கொஞ்சம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கைத்தெளிப்பான் அடித்துவிட்டு ஏன் சூடு இறங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது.

நீரால் குளிர்விப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தத் தெளிப்பானும் அறையைக் கொண்டுபோகாது. உள்மாவட்டத்தில் 36 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள மதியத்தில் அந்த எல்லை சுமார் 23 டிகிரி. கடலோரத்தில் 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள மதியத்தில் அது 29 டிகிரி. வெளியே இரண்டு டிகிரி குறைவாக இருந்தும் கடலோரக் குடில் ஆறு டிகிரி அதிகச் சூட்டில் நின்றுவிடுகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒருவர் சாக்கு நனைத்துச் சாதித்ததைப் பார்த்து நாகப்பட்டினத்தில் ஒருவர் அதையே செய்தால் அதே பலன் கிடைக்காது. உழைப்பில் குறை இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது.

இப்போதுதான் உண்மையான இக்கட்டு வருகிறது. கரியமில வாயுவை வெளியேற்றத் திறக்க வேண்டும். குளிர்ச்சியைக் காக்க மூட வேண்டும். திறந்தால் சூடான உலர்காற்று உள்ளே வந்து மொட்டுகளைக் கருக்கிவிடும். மூடினால் தண்டு நீளும். இந்த இரண்டையும் தனித்தனிச் சிக்கலாக எண்ணித் தீர்க்கப் போனவர்கள் ஒன்றைத் தீர்த்து மற்றொன்றை வளர்த்துக்கொள்கிறார்கள்.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கையில் கொஞ்சம் பணம் வந்ததும் வாங்கிப் பொருத்தும் ஸ்பிளிட் ஏசி. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. கரியமில வாயு அப்படியே இருக்கும். போதாததற்கு, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே சொட்டவிடும். கரன்ட் பில் கட்டி அறையைக் காயவைத்து, மறுபடி மோட்டார் போட்டு அதை நனைக்கும் வேலை இது. மொட்டுக் காளான் (பட்டன் காளான்) வளர்க்கும் பெரிய பண்ணைகளிலும் குளிர்சாதனம் உண்டு. அங்கே மலரும் அறை 14 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஆனால் அந்த இயந்திரங்களில் வெளிக்காற்றை அளந்து கலக்கும் தனி வாயில் இருக்கும். கரியமில வாயு அளவைப் பார்த்து அது திறந்து மூடும். வீட்டுப் படுக்கையறைக்குச் செய்த ஏசியில் அது கிடையாது.

சிறு குடிலுக்குப் பொருத்தமானது ஈரத்தட்டியும் எக்ஸாஸ்ட் விசிறியும். ஒரு பக்கச் சுவரில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும் தட்டி, எதிர்ச்சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறி. வெளிக்காற்று தட்டி வழியாக மட்டுமே நுழைய முடியும். நுழையும்போதே குளிர்ந்து ஈரமாகி வருகிறது. புதுக் காற்று, குளிர்ச்சி, ஈரம் மூன்றும் ஒரே வழியில் கிடைத்துவிடுகின்றன. உள்மாவட்டத்தின் அந்த 36 டிகிரி மதியத்தில் நல்ல தட்டி 26 டிகிரி வரை கொண்டுவரும். தென்னை நார், வெட்டிவேர், காகித அட்டைத்தட்டி எதுவானாலும் சரி, மற்ற ஓட்டைகளை அடைக்க வேண்டும். இல்லையென்றால் விசிறி ஈரத்தட்டியை விட்டுவிட்டு, கதவிடுக்கு வழியாகச் சூட்டை இழுக்கும். விசிறிக்காற்று படுக்கையின் மீது நேராக வீசவும் கூடாது. குண்டூசித் தலையளவு மொட்டு அரைநாள் காற்றில் பழுப்பேறிச் சுருங்கிவிடும்.

விசிறி இல்லாத குடிலில் காற்று எந்தத் திசையில் நகர்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கரியமில வாயு கனமானது, அது தரையில் போய்த் தேங்கும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். தனி வாயுவாக அது கனமானது உண்மைதான். ஆனால் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு கலந்திருப்பதால் காற்றின் எடை கூடுவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வெப்பநிலை அரை டிகிரி மாறினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும். ஆகவே குடிலுக்குள் காற்றை மேலும் கீழும் நகர்த்துவது வெப்பம்தான். இரவில் வெளியே குளிர்ந்து கிடக்க, படுக்கைகளின் வெப்பத்தால் உள்காற்று சற்றுச் சூடாக இருக்கும். அது மேலேறிக் கூரைத் திறப்பு வழியாக வெளியே போகும். கீழ்த் திறப்பு வழியாகப் புதுக் காற்று நுழையும். நனைத்த குடிலில் பகலில் இது தலைகீழ். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. அது கீழ்த் திறப்பு வழியாக வழிந்து வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கூரைத் திறப்பு வழியாக வெளியே இருக்கும் சூடான காற்று உள்ளே இறங்கும். மேல் சன்னலைத் திறந்துவைத்தால் சூடு வெளியேறும் என்ற நம்பிக்கை குளிரவைத்த அறைக்குப் பொருந்தாது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மேல் திறப்பின் அருகில் ஒருமுறையும் தரையருகில் ஒருமுறையும் பிடித்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் புகை போகும் திசையும் மதியம் இரண்டு மணிக்குப் போகும் திசையும் வேறாக இருக்கும்.

இதிலிருந்து நடைமுறைக்குச் சுலபமான வழி ஒன்று கிடைக்கிறது. சூரியன் ஏறுமுன்பும் இறங்கிய பின்பும் மேலும் கீழும் தாராளமாகத் திறந்துவிடலாம். அந்த நேரத்தில் வெளிக்காற்றே குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும். காற்றை மாற்றுவதற்குச் செலவே இல்லை. மதியத்தில் மேல் திறப்பை மூடி, கீழே சாக்கு நனைத்த வழியை மட்டும் வைத்து, இடையிடையே கொஞ்ச நேரம் கதவைத் திறந்து மூடலாம். தெளித்த உடனே இறுக்க மூடுவது மட்டும் கூடாது. குடையின் மேல் நீர்ப்படலம் காயாமல் மணிக்கணக்கில் நின்றால் பாக்டீரியா பற்றி மஞ்சள் திட்டுகள் விழும். பறித்த காளான் மறுநாளே வழவழத்துவிடும்.

எல்லாத் திறப்புக்கும் நுண்வலை வேண்டும், காளான் ஈக்கள் நுழையாதிருக்க. கண் சிறிதான வலை காற்றையும் தடுக்கும். அதற்கேற்பத் திறப்பைப் பெரிதாக வைக்க வேண்டும். தூசி படிந்த வலையை அடிக்கடி கழுவாவிட்டால் அது சுவராகவே மாறிவிடும்.

காற்றோட்டம் காளானுக்கு மட்டுமல்ல, உள்ளே நிற்கும் மனிதருக்கும் வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். முற்றிய சிப்பிக் காளான் கோடிக்கணக்கில் வித்துத்தூளை உதிர்க்கும். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமல், மாலைக் காய்ச்சல், மூச்சிரைப்பு என்று நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த நோய். பறிப்பு வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிறது. பறிக்கப் போவதற்கு முன் அறையைத் திறந்து காற்றாட விடுவதும், முகக்கவசம் போடுவதும், குடை ஓரம் மேல்நோக்கி மடியும் முன்பே பறித்துவிடுவதும் மகசூலைவிட முக்கியம்.

இயற்கையே குளிரவைத்த இடத்திலும் காற்று தனியாகத் தேவைப்பட்டது என்பதற்குப் பாரிஸ் நகரமே சான்று. 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் அடியில் கைவிடப்பட்ட கல்சுரங்கங்களில் மொட்டுக் காளான் வளர்த்தார்கள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி, வேண்டிய ஈரம், செலவில்லாமல். ஆனாலும் தரையிலிருந்து சுரங்கம் வரை கிணறுபோல இறங்கும் காற்றுத்துளைகள் இல்லாமல் அங்கே வளர்ப்பு நடக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அறையைக் காளானுக்கு ஏற்றபடி மாற்றுவதை விட்டு, அறைக்கேற்ற காளானைத் தேர்வது. மேற்கு வங்கத்தில் 1974-இல் அறியப்பட்ட பால் காளான் வெப்பநாட்டு இனம். அதன் வளர்ப்பு முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செம்மைப்படுத்தி, 1998-இல் ஏபிகே 2 என்ற பெயரில் வெளியிட்டது. 30 முதல் 35 டிகிரி வரை அது நன்றாகவே விளையும். மண்ணில் சுமார் ஒரு மீட்டர் ஆழம் பள்ளம் எடுத்து, மேலே நீலநிற சில்பாலின் விரிப்பைக் கூரையாகப் போட்ட பாதி நிலத்தடி அறை இதற்குப் போதும். பள்ளத்தில் வெளிச்சமும் ஈரமும் சூடும் கிடைத்துவிடும். காற்றுக்கு மட்டும் இரு முனையிலும் வழி விட வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் காற்று தானாக நகராது.

ஆகவே காளான் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடில் கட்டுமுன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்ப-ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, குடில் வரப்போகும் இடத்தில் நிழலில் மாட்டி, ஒரு கோடை முழுவதும் மதிய அளவைக் குறித்துவையுங்கள். மதிய ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் ஊர் என்றால் ஈரத்தட்டி உங்களுக்குக் கைகொடுக்கும். சிப்பிக் காளானை ஆண்டின் பெரும்பகுதிக்கு நம்பி வளர்க்கலாம். 60-க்கு மேலேயே நிற்கும் கடலோரம் என்றால் மார்ச் முதல் ஜூன் வரை சிப்பிக் காளானை ஒதுக்கிவிட்டுப் பால் காளானுக்கு மாறிவிடுங்கள். ஏசிக்குக் கடன் வாங்க வேண்டாம்.